டெக்சஸ் மேடையில் ஒரு பொன்னாடை

எழிலரசிக்கு டெக்சஸில் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். கிதாரும் கையுமாகப் பத்து வருஷம் அலைந்த பிறகு கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் சுவாமிநாதன் தின்றுவிட்டார். தின்றுவிட்டார் என்பது அவள் சொன்ன சொல். அன்று முழுவதும் அதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

நடந்தது புரிய வேண்டுமானால் அவள் என்ன வாசித்தாள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எழிலரசி பாடியது புளூஸ். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடமிருந்து வந்த பாட்டு. டிரம்ஸ், பியானோ என்று ஒரு குழுவோடும் அதைப் பாடலாம், ஒரே ஒரு மரக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு தனியாளாகவும் பாடலாம். அவள் தனியாள். தனியாளுக்கு ஒரு சிக்கல் உண்டு. தாளம் போட ஆள் கிடையாது. அதற்குப் பழைய டெக்சஸ்காரர்கள் கண்டுபிடித்த வழி, வலது கைக் கட்டைவிரலைத் தடித்த கம்பி ஒன்றிலேயே நிறுத்தி, ஒரே சுரத்தை விடாமல் அடிப்பது. அடுத்த வீட்டில் யாரோ ஆணி அடிப்பதுபோல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் வேறு ஏதோ பேசும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

இடது கைச் சுண்டுவிரலில் ஒரு கண்ணாடிக் குழாய். அதைக் கம்பியின் மேல் அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். தொட்டபடியே இழுத்தால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழி முழுவதும் கேட்கும். மனிதக் குரல் விம்முவதுபோல இருக்கும். கொஞ்சம் அழுத்திவிட்டாலும் கம்பி கட்டையில் இடித்துத் தகரச் சத்தம் வரும். இந்தத் தொடுதலைப் பிடிக்கவே அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

கோபிச்செட்டிபாளையத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். 1990இல் அவள் கணவர் மணியன் ஹூஸ்டனில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தார். அவருடைய மனைவி என்ற விசாவில் வந்த எழிலரசிக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள் ஓர் அறை வீட்டில் பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணைக்கு ரேடியோ. சனிக்கிழமை காலையில் கல்லூரி வானொலியில் பழைய இசைத்தட்டுகள் போடுவார்கள். அதில் ஒரு கிழவர் கோபமாகப் பாடினார். அழுதுகொண்டு பாடுவதை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள், கோபித்துக்கொண்டு பாடுவதை அன்றுதான் முதன்முதலில் கேட்டாள். வார்த்தை பாதி புரியவில்லை, கோபம் முழுதாகப் புரிந்தது.

அடகுக் கடையில் ஒரு கிதார் வாங்கினாள். பல்கலைக்கழகம் கழித்துக் கட்டிய டேப் ரெக்கார்டர் ஒன்று வந்தது. மொழி கற்பவர்களுக்கானது, வேகத்தைக் குறைக்க ஒரு திருகு உண்டு. டேப்பின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கும். அதனால் கிதாரையும் அதே அளவு இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு, ஆமை வேகத்தில் ஓடும் பாட்டோடு ஒவ்வொரு விரலாகப் பிடித்தாள். கற்றது அப்படித்தான்.

பிறகு மணியனுக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்து லிவர்மோருக்கு வந்தார்கள். அவளுக்கும் நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் கூடத்தில் வேலை கிடைத்தது. மாலைகளில் காபிக் கடையில் பாடினாள், வார இறுதியில் திராட்சைத் தோட்டத்து ஒயின் விடுதிகளிலும் பிளசன்டன் உழவர் சந்தையிலும் பாடினாள். ஒரு கேசட் போட்டாள், பிறகு ஒரு சிடி. சாக்ரமென்டோவிலிருந்து சான்டா குரூஸ் வரை அவள் பெயர் சொன்னால் தெரியும் ஆட்கள் சிலர் உண்டு. அந்த வட்டத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஓர் ஊர்ப்பக்கத்துக் கலைஞராகவே காலம் ஓடியது.

அவளுக்குள் கோபம் சேர்ந்ததும் அந்த வட்டத்துக்குள்தான். ஒயின் விடுதிக்காரர்கள் விளம்பரத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் தாமரைப் படம் போட்டார்கள். "சிதார் கொண்டு வரவில்லையா?" என்று சந்தையில் கேட்டார்கள். தமிழ்ச் சங்கத் தீபாவளியில் ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்று புளூஸ் பாடினாள். பாடும்போது பின்வரிசையில் வடை விநியோகம் நடந்தது. முடிந்ததும் எல்லோரும் வந்து "சூப்பர்" என்றார்கள். என்ன பாடினாய் என்று ஒரு வாய் கேட்கவில்லை. சூப்பர் என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்குப் பல் கூசும்.

இந்த நிலையில்தான், 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆஸ்டினுக்குத் தெற்கே ஆற்றோரப் பூங்கா ஒன்றில் நடக்கும் சிறிய விழாவிலிருந்து அழைப்பு வந்தது. மரக் கிதார் புளூஸுக்கென்றே நடக்கும் விழா. உள்ளூர் வானொலி நேரலையாக ஒலிபரப்பும். ராய்ஸ் என்றொருவர் அங்கே உட்கார்ந்து கேட்பார். டெக்சஸின் சின்னச் சின்ன ஊர்களில் குளிர்காலத்தில் யார் பாடுவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். அவருக்குப் பிடித்துவிட்டால் ஜனவரியில் ஊர் ஊராகப் பாடலாம். அந்தப் பாட்டு பிறந்த மண்ணில், அதைக் கேட்டு வளர்ந்த ஆட்கள் முன்னால். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பூங்காவுக்கு எதிரே ஒரு மோட்டலில் அறை போடலாம் என்றாள் எழிலரசி. முந்தின நாள் யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும், தொண்டைக்கு நல்லது. ஆனால் ஆஸ்டினில் சுவாமிநாதன் இருந்தார். மணியனோடு கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவர். நம்மவர்கள் இருக்கும் ஊருக்குப் போய் ஹோட்டலில் தங்குவது என்பது அவர்கள் முகத்தில் அறைவதற்குச் சமம்.

"ஹோட்டலா? என்னம்மா பேசற? நான் செத்தா போயிட்டேன்?" என்றார் சுவாமிநாதன் போனில்.

"இல்லீங்ணா, ப்ரோக்ராமுக்கு முன்னால கொஞ்சம் அமைதியா..."

"எங்க வீட்ட விட அமைதி எங்க இருக்கு? ஷ்யாமளா இப்பவே கெஸ்ட் ரூம் ரெடி பண்ணிட்டா!"

அந்த அமைதியான வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை பதினைந்து பேர் டின்னருக்கு வந்திருந்தார்கள்.

விழா மேடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேடையின் விளிம்பில், பாடுபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மூன்று பல்புகள் இருந்தன. நேரம் தொடங்கியதும் பச்சை. கடைசி ஐந்து நிமிடத்துக்கு மஞ்சள். சிவப்பு எரிந்தால் ஒலிப்பெட்டியை மூடிவிடுவார்கள், பாட்டின் நடுவில் இருந்தாலும் சரி. கொடுமையாகத் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. ஒரே மேடையில் ஒரு நாளில் பன்னிரண்டு பேர் பாடுகிறார்கள். ஒருவர் ஐந்து நிமிடம் இழுத்தால் அது கடைசியில் பாடுபவர் தலையில் விடியும். வானொலியோ யாருக்காகவும் காத்திருக்காது. டோனா என்ற பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பல்புகளை இயக்கினாள். எழிலரசி காலையில் டோனாவிடம் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு மணியனுக்கும் விளக்கினாள். அவர் தலையாட்டினார். நன்றாகத்தான் தலையாட்டினார்.

பதினோரு மணி வாக்கில் பச்சை எரிந்தது. முதல் பாட்டு நன்றாக வந்தது. கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்றாவது வரிசையில் வைக்கோல் தொப்பிக்காரர் ஒருவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். ராய்ஸ் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. கோப்பையை ஒருவர் கீழே வைப்பதை மேடையிலிருந்து பார்ப்பது பெரிய விஷயம். எழிலரசிக்கு உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்தது கண்ணாடிக் குழாய்ப் பாட்டு. அதற்குச் சில கம்பிகளைத் தளர்த்தி வேறு சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். வெறும் கம்பிகளை மீட்டினாலே ஒரு நிறைந்த ஒலி வரும்படி அமைப்பது அது. அரை நிமிட வேலைதான். அவள் குனிந்து, காதைக் கிதாரின் மேல் வைத்து, முறுக்காணியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மேடையில் ஒருவர் குனிந்து ஒன்றும் வாசிக்காமல் இருக்கிறார். சுவாமிநாதன் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? ஒரு இடைவெளி. நம் ஊர் விழாக்களில் இடைவெளி எதற்கு இருக்கிறது?

அவர் படியேறி வந்தார். பட்டு ஜிப்பா. கையில் தட்டு, தட்டில் மடித்த பொன்னாடை, ஒரு பூங்கொத்து. பின்னால் ஆஸ்டின் தமிழ் நண்பர்கள் இருபது பேர் கைதட்டினார்கள். அவர்கள் எப்போது வந்து உட்கார்ந்தார்கள் என்று எழிலரசிக்குத் தெரியவில்லை. அவருடைய மகள் ரோஷினி மட்டும் கீழேயிருந்து, "டாட், ப்ளீஸ், டோன்ட்!" என்றாள். அவர் காதில் விழவில்லை.

பாட்டுக்கான மைக்கைத் தாங்கியிலிருந்து உருவினார். அது எழிலரசியின் குரலுக்கு அளந்து வைத்த மைக். சுவாமிநாதனின் குரல் அதில் ஆற்றின் அக்கரை வரை போய்த் திரும்பியது.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்!"

ஆங்கிலத்தில் பேசினார். மூவாயிரம் ஆண்டுத் தமிழ்ப் பாரம்பரியம் என்றார். யாழ் என்றார். யாழின் பேத்திதான் கிதார் என்றார். எங்கள் தங்கை என்று அவளைக் காட்டினார். பொன்னாடையை விரித்துத் தோளில் போர்த்தினார். கனமான சரிகைப் பட்டு. அது தோளிலிருந்து சரிந்து கிதாரின் மேல் பலகையில் விழுந்தது. மரக் கிதாருக்கு ஒலி வருவதே அந்தப் பலகை அதிர்வதால்தான். துணி மூடினால் குரல்வளையில் கை வைத்த மாதிரி. சரிகை நூல் வேறு தோள்வாரின் குமிழில் மாட்டிக்கொண்டது.

"ஐசலின் பட்டுக்கடைலேர்ந்து வரவழைச்சதும்மா. ஒரிஜினல்," என்றார் அவளிடம், மைக்கை மூடாமல்.

"சாமிண்ணா, போதுங்ணா," என்றாள் எழிலரசி.

அவர் சிரித்தார். "பாருங்கள், என்ன அடக்கம்!" என்றார் கூட்டத்திடம்.

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். பொன்னாடை போர்த்தும்போது போதும், வேண்டாம், எதற்கு இதெல்லாம் என்று சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். சொல்லாதவர்தான் தலைக்கனம் பிடித்தவர். எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் நிறுத்துவதில்லை. ஆகவே உண்மையாகவே போதும் என்று நினைக்கிற ஒருத்திக்கு அதைச் சொல்ல நம்மிடம் வேறு வார்த்தையே மீதி இல்லை.

"அண்ணா, நெஜமாத்தான் சொல்றேன். போதும்."

"ரெண்டு நிமிஷம்மா. நம்ம பிரசிடென்ட் வந்திருக்காரு." சுவாமிநாதன் கையை நீட்டினார். தமிழ்ச் சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி இரண்டு வார்த்தை பேச மேடை ஏறினார். இரண்டு வார்த்தையா பேசுவார்? அவரும் யாழிலிருந்துதான் தொடங்கினார்.

எழிலரசி முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு நின்றாள். கன்னம் வலித்தது. டோனா மேடையோரத்தில் இரண்டு கைகளையும் விரித்து இது என்ன என்று கேட்டாள். வீட்டுக்கு அழைத்துத் தங்கவைத்துச் சோறு போட்ட மனிதரை ஆயிரம் பேர் முன்னால் எப்படிப் பிடித்துத் தள்ளுவது? தள்ளக் கூடாது என்று முப்பத்தெட்டு வருஷம் பழகிய உடம்பு நின்ற இடத்திலேயே நின்றது. மணியனைத் தேடினாள். அவர் முதல் வரிசையில் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பல்பு எரிந்தது.

"உட்காருங்க!" என்று கத்தினாள் எழிலரசி. தமிழில், மைக்குக்குப் பக்கத்தில். வானொலியில் கேட்ட டெக்சஸ்காரர்கள் என்ன நினைத்தார்களோ. வெள்ளியங்கிரி பாதி வாக்கியத்தில் வாயை மூடினார். சுவாமிநாதனின் முகம் சுண்டிப்போனது. இருவரும் இறங்கினார்கள். அவள் பொன்னாடையை இழுத்தாள். சரிகை கிழிந்து வந்தது. சுருட்டிப் பின்னால் எறிந்தாள்.

பாதி சேர்த்திருந்த சுருதி வெயிலில் இறங்கிவிட்டது. மறுபடி சேர்க்க வேண்டும். சேர்த்து, பாடத் தொடங்கினாள். கோபம் இருந்தால் நன்றாகப் பாட வரும் என்று நினைப்பவர்கள் வாசித்துப் பார்த்ததில்லை. கோபம் கட்டைவிரலுக்குள் போனால் தாளம் ஓடும். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிடக் கொஞ்சம் சீக்கிரம் விழும், விழுவது வாசிப்பவருக்கே தெரியாது. சுண்டுவிரல் அழுத்தும். அழுத்தினாள். தகரச் சத்தம் வந்தது. பாட்டு முடிவதற்குள் சிவப்பு எரிந்தது, ஒலி போனது. அவள் குரல் திடீரென்று குட்டையாகிக் காற்றில் நின்றது. பாட்டைப் பாதியில் விட்டு இறங்கினாள்.

மேடைக்குப் பின்னால் ராய்ஸ் காத்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இன்று காலை முழுவதும் பார்த்ததில் இதுதான் மிகச் சிறப்பு," என்றார்.

எழிலரசிக்கு நம்ப முடியவில்லை. "நான் அவசரப்பட்டுவிட்டேன்," என்றாள்.

"அதை விடுங்கள். அந்தச் சடங்கு! அந்தத் தங்கத் துணி! அந்த மனிதரின் பேச்சு! எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஜனவரியில் ஏழெட்டு ஊருக்கு ஏற்பாடு செய்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் அந்தத் துணி வேண்டும். அவர் வர முடியுமா?"

சுவாமிநாதனும் மணியனும் அதற்குள் வந்து நின்றிருந்தார்கள். சுண்டிய முகம் சுவாமிநாதனுக்கு ஒரு நொடியில் மலர்ந்தது.

எழிலரசி கேட்டாள், "நான் பாடிய முதல் பாட்டு எதைப் பற்றி?"

ராய்ஸ் யோசித்தார். "அது... ரயில், இல்லையா?"

"இல்லை."

"எப்படியோ, அருமையாக இருந்தது."

"ஜனவரியில் வருகிறேன்," என்றாள் அவள். "தனியாக. துணி கிடையாது, பேச்சு கிடையாது. நானும் கிதாரும்."

அவர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார். கிதார் வாசிப்பவர்கள் டெக்சஸில் தடுக்கி விழுந்தால் இருக்கிறார்கள் என்றும், அந்தச் சடங்குதான் புதுசு என்றும் பணிவாகவே சொன்னார். யோசித்துப் பாருங்கள் என்றார்.

"யோசித்துவிட்டேன். வேண்டாம்."

அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவ்வளவுதான். பத்து வருஷம் காத்திருந்தது அந்தக் கைகுலுக்கலில் முடிந்தது.

காரில் மணியன் சீட் பெல்ட்டை மாட்டினார். "வேண்டாம்னு ஏன் சொன்ன? நீ கேட்டது அதுதானே?" என்றார்.

"நான் கேட்டது அதுவா?"

"எழிலு, சாமி ஆசையாப் பண்ணான். உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"அப்ப உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

அவர் ஃப்ரீவேயில் லேன் மாறினார்.

"பல்பு எதுக்குன்னு உங்ககிட்டத்தானுங்க சொன்னேன். காலைல. ஒண்ணு ஒண்ணா. தலைய ஆட்டுனீங்க."

"அஞ்சு நிமிஷத்துல முடிச்சுருவான்னு நெனச்சேன்."

"சாமிண்ணன் எப்பங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்காரு? கல்யாணத்துல மொய் எழுதறதுக்கே அரை மணி நேரம் மைக்குல பேசுனவரு!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "ஒரு ஸாரி மட்டும் சொல்லிடு. பாவம், எல்லார் முன்னாலயும் உட்காருன்னுட்ட. கிழிஞ்ச சால்வைய மடிச்சு எடுத்துட்டுப் போறான்."

"நானா ஸாரி சொல்லணும்?"

"ஃபார்மாலிட்டிக்கு."

எழிலரசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சுவாமிநாதன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அந்த இருபது பேரும் வந்திருந்தார்கள். அலுமினியத் தட்டுகளில் எலுமிச்சை சாதம், பிசிபேளா, உருளைக்கிழங்கு. அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பிறகு ஒரு பெண், "சூப்பர் எழில்!" என்றாள். இன்னும் இரண்டு பேர் சூப்பர் என்றார்கள். சுவாமிநாதன் சோபாவில் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஷ்யாமளா வந்து கையைப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன இருந்தாலும் நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. ஒரு மாசமா இதே பேச்சுதான் அவருக்கு. சரி விடு. தட்டு எடுத்துக்கோ."

"அக்கா, உங்க மைக்ரோவேவ்ல இருபத்தஞ்சு நிமிஷம் வெச்சு விடறீங்களா?"

"எதை சுட வைக்கணும்?"

"ஒண்ணும் இல்ல. டைமர் மட்டும்."

எழிலரசி கிதார்ப் பெட்டியைத் திறந்தாள். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை இழுத்து டிவிக்கு முன்னால், சுவாமிநாதனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். ரோஷினி ஓடிவந்து டிவியை அணைத்தாள்.

"எழிலு, வேண்டாம்," என்றார் மணியன்.

"நீங்களும் உட்காருங்க. கேமராவ உள்ள வெச்சுட்டு உட்காருங்க." கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும்தான். இன்னைக்கு எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம் குடுத்தாங்க. அத நீங்க எடுத்துக்கிட்டீங்க. அந்த நேரத்துல என்ன இருந்துச்சுன்னு கேட்டுட்டுப் போங்க. சாதம் ஆறாது. ஆறுனா மைக்ரோவேவ் இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார். எழிலரசி அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தார். வெள்ளியங்கிரி தட்டோடு சமையலறைப் பக்கம் நகர்ந்தவர் திரும்பி வந்தார். ஒருவர் பின் ஒருவராகக் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். சுவாமிநாதன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

அவள் அவசரப்படவில்லை. கட்டைவிரலை முதலில் தனியாக ஓடவிட்டாள், அது நிதானத்துக்கு வரும்வரை. பிறகு பாடினாள். முதல் பாட்டு, ராய்ஸ் ரயில் என்று நினைத்தது, லிவர்மோருக்குப் பக்கத்து அல்டமாண்ட் மலைக்காற்றில் இரவும் பகலும் சுற்றும் காற்றாலைகளைப் பற்றியது. அடுத்தது தண்ணீர்ப் பாட்டு, காலையில் பாதியில் அறுந்தது. புளூஸில் முதல் வரியைப் பாடிவிட்டு அதையே இன்னொரு தடவை பாடுவார்கள். மூன்றாவது வரி அதற்குப் பதிலாக வரும். வயலில் வேலை செய்துகொண்டே பாட்டுக் கட்டியவர்களுக்கு மூன்றாவது வரியை யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது என்பார்கள். தண்ணீர்ப் பாட்டைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

ஊர்த் தண்ணீரைச் சோதிக்கிறேன், குடிக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறேன்.
ஊர்த் தண்ணீரைச் சோதிக்கிறேன், குடிக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறேன்.
என் வீட்டுக்கு வந்த விருந்தாளி கடைப் பாட்டிலைத் திறக்கிறான்.

சுண்டுவிரல் கம்பியைத் தொட்டது, அழுத்தவில்லை. கோபம் குறைந்ததால் அல்ல. கோபம் அப்படியேதான் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் அது நேராகப் போக முடிந்ததால் விரலுக்குள் புகவில்லை. ஷ்யாமளா நடுவில் எழப் பார்த்தாள். போன் அடித்தது. "அடிக்கட்டும்க்கா," என்றாள் எழிலரசி பாட்டை நிறுத்தாமல். அடித்து ஓய்ந்தது. ஒரு குழந்தை தூங்கிப்போயிற்று. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரோஷினி தரையில் உட்கார்ந்து அவளுடைய வலது கையையே பார்த்தாள். மணியன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகும் மூன்று பாட்டு பாடினாள்; கடைசிப் பாட்டின் கடைசி அடியில் மைக்ரோவேவ் கூவியது. அவள் அடியை முடித்துவிட்டுக் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மேஜைப் பக்கத்திலிருந்து, "சூப்..." என்று ஒரு குரல் தொடங்கிப் பாதியில் நின்றது.

சுவாமிநாதன் கட்டிய கைகளைப் பிரித்தார். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"எடுத்துக்குவேன். சொல்லுங்க."

"எனக்கு இது பிடிக்கலம்மா."

"என்னங்க!" என்றாள் ஷ்யாமளா.

"இரு ஷ்யாமளா. அவதான் கேளு கேளுன்னா. கேட்டேன்." அவரும் கோபமாகத்தான் இருந்தார். காது மடல் சிவந்திருந்தது. "முக்கியமா அந்த ரெண்டாவது. தண்ணிப் பாட்டு. சொன்னதையே சொல்ற. விருந்தாளிய வேற திட்டற. வீட்டுக்கு வந்தவன் பாட்டில் தண்ணி குடிச்சா உனக்கு என்ன? கேக்கக் கேக்க எரிச்சலா வருது."

எழிலரசி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சந்தையிலும் ஒயின் விடுதியிலும் சங்க விழாவிலும் பத்து வருஷமாகப் பாடியிருக்கிறாள். அவள் பாட்டைக் கேட்டு ஒருவருக்கும் இதுவரை எரிச்சல் வந்ததில்லை.

"எனக்கும் எரிச்சல் வந்துதானுங்ணா அத எழுதுனேன்," என்றாள்.

"பாட்டுன்னா மனசுக்கு எதமா இருக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்புறம் எதுக்குப் பாடறது?"

"அதப் பத்தித்தான் இப்ப நாம சண்ட போட்டுட்டு இருக்கோம்," என்றாள் எழிலரசி. "மூணாவது பாட்டு? அது?"

சுவாமிநாதன் மோவாயைத் தேய்த்தார். ஷ்யாமளா எலுமிச்சை சாதத்தை எடுத்துக்கொண்டு மைக்ரோவேவை நோக்கிப் போனாள். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். எழிலரசி கிதாரைப் பெட்டியில் வைக்காமல் காத்திருந்தாள்.